ஹீட்டிங் பேட் வெச்ச இடத்துல வலை மாதிரி பழுப்புக் கறை, யாருக்காச்சும் வந்திருக்கா?

தூறல்:
வணக்கம் மக்களே. இடுப்பு வலி எனக்கு ரொம்ப வருஷத் தொல்லை, உக்காந்தே பாக்கற வேலை வேற, அதனால எலக்ட்ரிக் ஹீட்டிங் பேடை முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவுல சொருகி வெச்சுக்கிட்டு தான் பகல் பூரா வேலை ஓடும், ராத்திரியும் அதை அடியில போட்டுக்கிட்டு படுத்தா தான் தூக்கம் வரும். இப்ப என்னன்னா முதுகுல கீழ்ப்பக்கம், சரியா பேட் படற அகலத்துக்கு, பழுப்பும் செம்பழுப்புமா கோடு கோடா ஓடுது, கோட்டுக்கு நடுவுல நடுவுல நல்ல தோல், மொத்தமா பாத்தா வலை மாதிரி இருக்கு. வீட்டுக்காரர் போட்டோ எடுத்துக் காட்டினப்ப தான் எனக்கே தெரிஞ்சுது. வலி இல்ல, தடவிப் பாத்தா மேடு பள்ளமும் தெரியல, எப்பவாச்சும் லேசா அரிக்குது அவ்ளோ தான். சோப்பு போட்டு தேய்ச்சா போகல. மருந்துக்கடையில படர்தாமரை க்ரீம் குடுத்தாங்க, அதுக்கும் அசையல. இது என்னவா இருக்கும்? பயப்படணுமா?

வழிப்போக்கன்:
படர்தாமரைன்னா பெரும்பாலும் வட்டமா ஓரம் தூக்கிக்கிட்டு அரிச்சுப் பிடுங்கும்ங்க, நீங்க சொல்றது அது மாதிரி தெரியல. எங்க அக்காவுக்கு கால்ல இப்படி வலைக்கோடு வரும், ஆனா அது ஊதா கலர், குளிர்ல வரும், போர்வைக்குள்ள போனா கொஞ்ச நேரத்துல மறைஞ்சுடும். டாக்டர் லிவிடோன்னு சொன்னாங்க. உங்களுது வந்து வந்து போகுதா, இல்ல அப்படியே நிக்குதா?

தூறல்:
அப்படியே தான் நிக்குது. குளிர்ந்தாலும் அதே கலர், வெந்நீர்ல குளிச்சா கொஞ்சம் சிவக்குது, அப்புறம் திரும்ப பழைய பழுப்பு.

கல்வாழை:
நான் தோல் பிரிவுல நர்ஸா இருக்கேன். போட்டோ பாக்காம இது தான்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க சொன்ன மூணு விஷயம், பேட் படற இடத்துல மட்டும், வலை வடிவம், கலர் மாறாம நிக்கறது, இது மூணும் சேந்தா நாங்க முதல்ல கேக்கறதே "இங்க சூடு எதாச்சும் வெப்பீங்களா"ன்னு தான். எரிதீமா அப் இக்னின்னு பேரு. தீக்காயம் வேற இது வேற. தீக்காயம் ஒரே தடவை பெரிய சூடு பட்டு வர்றது, சுரீர்னு உறைக்கும், கையை எடுத்துடுவோம். இது உறைக்காத சூட்டுல வர்றது. தோல்ல 43ல இருந்து 47 டிகிரி செல்சியஸ் வரைக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கும், அந்தச் சூடு இதமா தான் இருக்கும், அதனால யாரும் விலக்க மாட்டாங்க, அதுவே தினமும் மணிக்கணக்கா வாரக்கணக்கா ஒரே இடத்துல படும்போது தோலுக்கு உள்ள வேலையைக் காட்டிடும்.

வலை எப்படி வருதுன்னா, தோலுக்கு அடியில சின்ன ரத்தக்குழாய்ங்க வலைப்பின்னலா தான் ஓடுது. சூடு பட்டுப் பட்டு அந்தக் குழாய்ங்க விரியுது, சிவப்பணு கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியுது, அதுல இருக்கற இரும்பு அங்கயே தங்கிடுது, கூடவே தோலுக்கு நிறம் குடுக்கற மெலனினும் சேருது. கறை உள்ள உக்காந்திருக்கு, அதனால மேல இருந்து என்ன தேய்ச்சாலும் போகாது, தேய்ச்சா தோல் தான் புண்ணாகும், தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. ஆரம்பத்துல வெறும் சிவப்பா இருக்கும், பேடை எடுத்தா கொஞ்ச நேரத்துல மறைஞ்சுடும், நம்ம மாதிரி மாநிறம் கருப்பு தோல்ல அந்தச் சிவப்பு சரியாவே தெரியாது, பழுப்பு ஏறின பிறகு தான் கண்ணுல படும். அதனாலயே நிறைய பேர் லேட்டா வர்றாங்க.

இப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பேடை இன்னைக்கே நிறுத்துங்க. அப்புறம் ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

செம்பருத்தி_ஆர்:
அய்யோ இதே தான் எனக்கு தொடையில இருக்கு!! நான் ஹீட்டிங் பேடே தொட்டதில்ல, ஆனா லேப்டாப்பை மடியில வெச்சு தான் ப்ராஜெக்ட் பூரா பண்றேன், ஹாஸ்டல்ல மேசை கிடையாது கட்டில்ல உக்காந்து தான் எல்லாம். இடது தொடையில மட்டும் தான் இருக்கு, வலதுல ஒண்ணுமே இல்ல, அது ஏன் ஒரு பக்கம் மட்டும்? நான் ஏதோ ரத்தக்குழாய் வியாதின்னு பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்.

கல்வாழை:
செம்பருத்தி, ஒரு பக்கம் மட்டும் இருக்கறது தான் இங்க நல்ல துப்பு. லேப்டாப் அடியில எல்லா இடமும் ஒரே சூடு கிடையாது, பேட்டரி இருக்கற பக்கம், ஃபேன் காத்து வெளிய தள்ற பக்கம், பழைய மாடல்ல சிடி டிரைவ் இருக்கற பக்கம், இது தான் கொதிக்கும். 2010ல பீடியாட்ரிக்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல ஸ்விட்சர்லாந்து டாக்டருங்க ஒரு 12 வயசுப் பையன் கேஸை எழுதியிருந்தாங்க. தினம் சில மணி நேரம் லேப்டாப்பை தொடைமேல வெச்சு மாசக்கணக்கா கேம் விளையாடினவன், அவனுக்கும் இடது தொடையில தான். இடது பக்கம் சூடா இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனா இடத்தை மாத்தல. லேப்டாப்னால வந்த முதல் கேஸ் 2004லயே பதிவாயிடுச்சு.

தலையணைமேல வெச்சுக்கலாமான்னு கேப்பீங்க. தலையணை அடிப்பக்கத்து ஓட்டையை அடைச்சுடும், மெஷின் இன்னும் சூடாகும். கட்டியான பலகை, இல்லன்னா கட்டில்ல போட்டுக்கற மாதிரி சின்ன மடக்கு மேசை, அடியில காத்து போற மாதிரி இருக்கணும். டாக்டர்கிட்ட போட்டோவை விட நேர்ல காட்டறது நல்லது, வெட்கப்படாதீங்க, தொடை காட்டறது எங்களுக்கு தினசரி வேலை, பெண் டாக்டர் வேணும்னு கேட்டாலும் தப்பே இல்ல.

மணல்மேடு:
ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. வலிக்கு ஒத்தடம் குடுங்கன்னு சொல்றதே டாக்டருங்க தான், பிஸியோ சென்டர்ல போனா முதல்ல சூடு தான் வெக்கறாங்க. இப்ப சூடே ஆபத்துன்னு சொன்னா வலியில இருக்கறவங்க என்ன தான் பண்றது. இந்த மாதிரி இழையைப் படிச்சுட்டு எங்க அம்மா மாதிரி ஆளுங்க வெந்நீர்ப் பையைத் தூக்கிப் போட்டுட்டு வலியில கிடப்பாங்க. அளவை சொல்லுங்க, பயமுறுத்தாதீங்க.

கல்வாழை:
மணல்மேடு அண்ணா, நியாயமான கேள்வி. ஒத்தடத்தை யாரும் குறை சொல்லல. ஒத்தடம்னா 15, 20 நிமிஷம், நடுவுல துணி, முடிஞ்சா எடுத்து வெச்சுடறது. பிஸியோவுலயும் அப்படித்தான், டைமர் அடிச்சதும் எடுத்துடுவாங்க, அடிக்கடி தோலைத் தூக்கிப் பாப்பாங்க. தூறல் பண்றது வேற, வேலை நேரம் பூரா, தூங்கற நேரம் பூரா. அம்மா தாராளமா பையை வெச்சுக்கட்டும், வெச்சுக்கிட்டே தூங்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் எடுத்ததும் தோலைப் பாக்கட்டும், சிவப்பு சீக்கிரம் போகாம நின்னாலோ வலை மாதிரி தெரிஞ்சாலோ அந்த இடத்துக்கு சூட்டை நிறுத்திடட்டும். பையில கொதிக்கற தண்ணி ஊத்தக் கூடாது, கொஞ்சம் ஆறினதை ஊத்தணும். ரப்பர் பழசானா வெடிச்சுக் கொட்டும், அதுல வர்றது நிஜமான தீக்காயம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடறது நல்லது.

வெண்கலமணி:
சூடும் நேரமும் எப்படி சேந்து வேலை செய்யுதுன்னு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு, பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது நான் எப்பவும் சொல்றது, இங்கயும் போடறேன். 1947ல மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ்னு ரெண்டு பேர் எந்த சூட்டுல எவ்ளோ நேரத்துல தோல் வேகுதுன்னு அளந்தாங்க. 60 டிகிரின்னா ஏறக்குறைய 5 செகண்ட். 44 டிகிரின்னா கிட்டத்தட்ட 6 மணி நேரம். அந்த 44ல இருந்து 51 வரைக்கும் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தாங்கற நேரம் பாதி பாதியா குறையுது. அந்த 6 மணி நேரத்தைப் பாருங்க, ஒரு ராத்திரித் தூக்கம் அதைவிட அதிகம். தொட்டா இதமா தான இருக்குன்னு படுத்தவங்க காலைல கொப்புளத்தோட எழுந்திருக்கறது இப்படித்தான். 1995லயே அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கற எஃப்டிஏ ஹீட்டிங் பேட் பத்தி தனியா எச்சரிக்கை விட்டுச்சு. பேடை மேல போட்டுக்கறதுக்கும் பேடுமேல படுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, மேல படுத்தா சூடு வெளிய போக வழி இல்ல, உடம்பு கனத்துல அந்த இடத்துல ரத்த ஓட்டமும் குறையும், சூட்டை எடுத்துட்டுப் போறதே அந்த ரத்தம் தான்.

கரிசல்காடு:
நான் கண்ணாடி உலையில வேலை பாக்கறேன், எங்க ஆளுங்கள்ல பல பேருக்கு இந்த வலை முன்னங்கையில இருக்கு, ஒருத்தருக்கு கன்னத்துலயும் இருக்கு. வேலைன்னா இருக்கத்தான் செய்யும்னு யாரும் கண்டுக்கறதில்ல. இதுக்கு சன்ஸ்கிரீன் போட்டா ஆகுமா? கடையில ஒருத்தர் ஆகும்னாரு.

கல்வாழை:
ஆகாது அண்ணா. சன்ஸ்கிரீன் தடுக்கறது சூரியனோட புற ஊதாக் கதிரை. உலையில இருந்து உங்கமேல அடிக்கறது அகச்சிவப்பு, வெறும் வெப்பம். அதுக்குத் தடுப்பு தள்ளி நிக்கறது, நடுவுல மறைப்பு வெக்கறது, வெப்பத்தை திருப்பி அனுப்பற முழுக்கை உடுப்பு, முகத்துக்கு ஷீல்டு, ஆளை மாத்தி மாத்தி நிக்க வெக்கறது. இது ஆள் தனியா சமாளிக்கற விஷயம் இல்ல, வேலை குடுக்கறவங்க செஞ்சு தரணும். பேக்கரி அடுப்பு, வார்ப்பு வேலை, நகை உருக்கற வேலை எல்லாத்துலயும் இதே கதை தான். நீங்க இதை "இருக்கத்தான் செய்யும்"னு விடாதீங்க. கையில சொரசொரன்னு தோல் தடிச்சு உரியற இடம், ஆறாத புண், சின்னதா கட்டி, இது மூணுல எது இருந்தாலும் அந்த ஆளை நாளைக்கே கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

தூறல்:
ஆறாத புண், கட்டின்னு சொல்றீங்களே, இது கேன்சர் ஆகுமா? தெளிவா சொல்லுங்க. நேத்து ராத்திரி பேடை எடுத்துட்டேன், தூக்கமே வரல, கேன்சரை நெனச்சு இன்னும் வரல.

கல்வாழை:
தூறல், நேரா சொல்றேன். பெரும்பாலானவங்களுக்கு ஆகாது, சூட்டை நிறுத்தினா அங்கயே நின்னுடும், ஆரம்பக் கறை மாசக்கணக்குல மங்கும். ஆனா "ஆகவே ஆகாது"ன்னும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா, சில பேருக்கு பல பத்து வருஷம், அதே இடத்துல சூடு பட்டுக்கிட்டே இருந்தா தோல்ல வெயில்ல வர்ற மாதிரியே செல் கோளாறு வரும், தடிச்ச திட்டு வரும், அதுல சிலது ஸ்குவாமஸ் செல் கார்சினோமாங்கற புற்றா மாறும். காஷ்மீர்ல வயித்துப் பக்கம் வெச்சுக்கற கரிச்சட்டி, காங்கிரி, அதனால வயித்துலயும் தொடையிலயும் வர்ற புற்றை எல்ம்ஸ்லிங்கற டாக்டர் 1866லயே எழுதி வெச்சிருக்கார். அதெல்லாம் வாழ்நாள் பூரா பட்ட சூடு. உங்க கறை தட்டையா இருக்கு, புண் இல்ல, தடிப்பு இல்ல. காட்டுங்க, கவலையில தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

கறை போக க்ரீம்னு நீங்களா எதுவும் வாங்காதீங்க. ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன் எல்லாம் டாக்டர் சில பேருக்கு எழுதுவாங்க, சில பேருக்கு லேசர். கர்ப்பமா இருந்தா ட்ரெட்டினாயின் கூடாது. கடையில கிடைக்கற வெளுக்கற க்ரீம் சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், சூட்டுல ஏற்கெனவே மெலிஞ்ச தோல் அதுல இன்னும் மெலியும். அதைவிட முக்கியம், எந்த மருந்தும் சூடு நின்ன பிறகு தான் வேலை செய்யும்.

பூவரசு:
இங்க எழுதலாமா தெரியல, எங்க அப்பா விஷயம். சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு. பாதம் ஜில்லுனு இருக்குன்னு ரூம் ஹீட்டருக்குப் பக்கத்துல காலை நீட்டி வெச்சுக்கிட்டு டிவி பாப்பார். முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இந்த வலை இருக்கு, அதைக்கூட நாங்க வயசுன்னு விட்டோம். போன வாரம் கால் கட்டைவிரல் பக்கம் பெரிய கொப்புளம், தோல் வெந்து போயிருக்கு, அவருக்கு சூடே தெரியலன்னு சொல்றார். டிரெஸ்ஸிங் போகுது. திரும்ப நடக்காம இருக்க என்ன பண்ணணும்?

கல்வாழை:
பூவரசு, இங்க தான் எழுதணும், இதைப் படிக்கற எத்தனையோ வீட்டுல அப்பா அம்மாவுக்கு சர்க்கரை இருக்கும். நரம்பு கெட்டுப் போச்சுன்னா கால்ல சூடு உறைக்காது, ஆனா ஜில்லுனு இருக்கற மாதிரி, எரியற மாதிரி பொய்யா தோணும். அதனால தான் அவர் ஹீட்டர்கிட்ட போறார். அவர் பாதத்தை நீங்க தொட்டுப் பாருங்க, நிஜமாவே ஜில்லுனு இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கான்னு பாக்கணும், கதகதப்பா இருந்தும் அவர் ஜில்லுங்கறார்னா நரம்பு. ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, நரம்புக்கு மாத்திரை இருக்கு. அவர் கால்ல ஹீட்டர், வெந்நீர்ப் பை, வெந்நீர் பக்கெட் எதுவுமே வேண்டாம், பருத்தி சாக்ஸ் போதும். குளிக்கற தண்ணியை அவர் கால் விட்டுப் பாக்கக் கூடாது, நீங்க முழங்கையால பாக்கணும். தினமும் விரலிடுக்கு வரைக்கும் பாதத்தைப் பாருங்க.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிடறேன், மறந்துடுவேன். வலிக்கு ஃபென்டனில்ங்கற வீரியமான மருந்து பேட்ச் தோல்ல ஒட்டியிருக்கறவங்க அதுமேல சூடு எதுவும் வெக்கவே கூடாது, சூட்டுல மருந்து வேகமா உடம்புக்குள்ள இறங்கும், மூச்சே நின்னு போற அளவுக்கு ஆபத்து. வலித் தைலம் தடவிட்டு அதுமேல ஹீட்டிங் பேட் வெக்கறதும் கூடாது, பல பேர் அப்படித்தான் வெக்கறாங்க, தோல் வெந்துடும்.

நீலக்கண்ணாடி:
வேற ஒரு பக்கமும் இருக்கு. எனக்கு மேல்வயித்துல வலி, வருஷக்கணக்கா கேஸுன்னே நெனச்சு மாத்திரை போட்டுட்டு வெந்நீர்ப் பையைக் கட்டிக்கிட்டு கிடந்தேன். ஒரு டாக்டர் வயித்தை அழுத்திப் பாக்க சட்டையைத் தூக்கினவர் அந்தப் பழுப்பு வலையைப் பாத்துட்டு கையை எடுத்துட்டார், "தினமும் எத்தனை மணி நேரம் சூடு வெக்கறீங்க, இவ்ளோ சூடு கேக்கற வலி சாதாரண கேஸ் வலி இல்ல"ன்னு சொல்லி ஸ்கேன் எழுதினார். கணையத்துல நாள்பட்ட அழற்சி. தோல் டாக்டரைப் பாக்கறதோட நிறுத்தாதீங்க, அந்த இடத்துல ஏன் இவ்ளோ சூடு தேவைப்படுதுன்னு யாராச்சும் கேட்டாகணும், இதை நான் எல்லாரையும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். மாதவிடாய் வலின்னு பையைக் கட்டிக்கிட்டு கிடக்கற பொண்ணுங்களுக்கும் இது தான், வலி அந்த அளவுக்கு இருந்தா எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்படலம் மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ற நோய், இருக்கான்னு பாக்கணும். எப்பவும் குளிருதுன்னு ஹீட்டர் முன்னாடியே உக்காந்திருக்கறவங்களுக்கு தைராய்டு குறைவா இருக்கலாம், ரத்த சோகை இருக்கலாம்.

மணல்மேடு:
நீலக்கண்ணாடி, இதைப் படிச்சதும் அம்மாகிட்ட போன்ல கேட்டேன். முழங்காலுக்கு தான் வெக்கறாங்களாம், கறை எதுவும் இல்லையாம், ஆனா ராத்திரி பையோட தூங்கறது உண்மை தானாம். சொல்லியாச்சு. நல்ல இழை, மட்டுறுத்துநர் இதை மேல பின் பண்ணி வெச்சா நல்லா இருக்கும்.

தூறல்:
டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், அப்டேட். கல்வாழை சொன்னதே தான். ஒரு சின்ன கண்ணாடித் தகடை கறைமேல வெச்சு அழுத்திப் பாத்தாங்க, கலர் மறையுதான்னு, மறையல, கறை உள்ள தங்கிடுச்சுன்னு அர்த்தமாம். லென்ஸ் வெச்சு ஒவ்வொரு கோடா பாத்தாங்க, தடிப்பு எதுவும் இல்ல அதனால பயாப்ஸி இப்ப வேண்டாம்னாங்க. க்ரீமும் இப்ப வேண்டாம், முதல்ல சூட்டை நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டாங்க. தைராய்டு டெஸ்ட் எழுதினாங்க. அப்புறம் நீலக்கண்ணாடி சொன்ன கேள்வியை அவங்களே கேட்டாங்க, வலி ராத்திரி எழுப்புதா, எடை குறையுதா, கால் மரத்துப் போகுதா, மூத்திரம் அடக்க முடியாம போகுதான்னு வரிசையா. கால் மரத்துப் போறது இருக்குன்னதும் முதுகுக்கு எம்ஆர்ஐ எழுதி எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காங்க. இத்தனை வருஷத்துல யாரும் அதைக் கேட்டதில்ல. பேட் இல்லாம ராத்திரி கஷ்டமா தான் இருக்கு, பிஸியோ சொன்ன மாதிரி முழங்காலுக்கு நடுவுல தலையணை வெச்சு ஒருக்களிச்சு படுக்கறேன், கொஞ்சம் பரவால்ல.

செம்பருத்தி_ஆர்:
அக்கா ரொம்ப சந்தோஷம். நானும் மடக்கு மேசை வாங்கிட்டேன், அடுத்த வாரம் டாக்டர். இந்தக் கறை மங்குதா இல்லையான்னு வீட்டுலயே எப்படிப் பாக்கறது? தினமும் பாத்தா ஒரே மாதிரி தான் இருக்கு.

வழிப்போக்கன்:
இதோட இன்னொண்ணு, கார் சீட் ஹீட்டர்லயும் வருமா? எங்க மாமா குளிர் ஊர்ல இருக்கார், தினமும் ரெண்டு மணி நேரம் ஓட்டறார், முதுகு வலிக்கு அதை ஆன் பண்ணியே வெச்சிருப்பார்.

கல்வாழை:
வழிப்போக்கன், வரும், தொடைக்குப் பின்பக்கம் வந்த கேஸ் பதிவாகியிருக்கு. சீட்டு சூடானதும் அணைச்சுடச் சொல்லுங்க, வழி பூரா ஓட வேண்டாம். தொடைப் பின்பக்கத்தை அவரால பாக்க முடியாது, வீட்டுல யாராச்சும் பாத்து சொல்லணும்.

செம்பருத்தி, தினமும் பாக்காதீங்க, பாத்தா ஒரு மாத்தமும் தெரியாது, மனசு தான் சோர்ந்து போகும். மாசம் ஒரு போட்டோ எடுங்க. ஒரே ஜன்னல் பக்கம், ஒரே நேரம், ஃபிளாஷ் இல்லாம, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு. குளிச்ச உடனே எடுக்காதீங்க, வெந்நீர்ல சிவந்திருக்கும். அடுத்த வாரம் போகும்போது முதல் போட்டோவையும் கொண்டு போங்க, லேப்டாப்பை எந்தப் பக்கம் எப்படி வெப்பீங்கன்னும் உக்காந்து காட்டுங்க.